மின்விலாங்கு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கல்லூரியில் விலங்கியல் கற்பித்த காலம் முழுவதும் மீன்களின் நரம்பு மண்டலம்தான் எனக்குப் பிடித்த பாடம். மின்சாரத்தால் தாக்கும் மின்விலாங்கு மீனைப் பற்றிய உங்கள் கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா, எங்கள் ஊர் ஏரியில் பிடிபடும் விலாங்கும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. உருவம் ஒத்திருப்பதால் வந்த பெயர் அது. மின்விலாங்கு தென் அமெரிக்காவில் அமேசான், ஒரினோகோ போன்ற ஆற்றுப் பகுதிகளில் மட்டும் வாழ்வது. உறவு என்று பார்த்தால் கெளுத்திக்குத்தான் நெருக்கம். நம் விலாங்கு முட்டையிடக் கடலுக்குப் போகும். இது நன்னீரை விட்டுப் போவதே இல்லை. எச்சிலால் நுரைக்கூடு கட்டி, ஆண் மீன் குஞ்சுகளைக் காவல் காக்கும்.

எத்தனை வோல்ட்?

இதுவரை அளந்ததில் அதிகபட்சம் 860. இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஒரே இனம் என்று நினைத்திருந்த மின்விலாங்கு உண்மையில் மூன்று இனங்கள் என்று 2019-ல் தெரிந்தது. அதில் ‘எலக்ட்ரோஃபோரஸ் வோல்டை’ என்ற இனத்தில் கிடைத்த அளவு இது. வோல்ட் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு இந்த மீனைப் பார்க்காதீர்கள். அதன் திறமை வேறு இடத்தில் இருக்கிறது.

பிளஸ் டூ படிக்கிறேன். ஓர் உயிரணுவில் இவ்வளவு மின்சாரம் எப்படி வரும்?

நல்ல கேள்வி, தம்பி. ஓர் உயிரணுவில் வராது. ஒன்றில் கிடைப்பது ஏறத்தாழ 0.15 வோல்ட்தான். மின்னணுத்தட்டு என்று நான் வகுப்பில் சொல்லும் அந்த உயிரணு, தசையிலிருந்து உருமாறியது. சும்மா இருக்கும்போது அதன் இரண்டு பக்கங்களிலும் மின்னழுத்தம் சமம், எதிரெதிர்த் திசை. ஒன்றை ஒன்று அழித்துவிடும். நரம்பிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற, செய்தி கடத்தும் வேதிப்பொருள் வந்து சேர்ந்ததும் ஒரு பக்கம் மட்டும் திறக்கிறது. சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்தப் பக்கத்தின் அழுத்தம் தலைகீழாகிறது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே திசையில் கூடுகின்றன. டார்ச் லைட்டில் பேட்டரிகளை அடுக்குவதுபோல இப்படி ஆயிரக்கணக்கான தட்டுகள் வரிசையாக நிற்கின்றன.

எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது இதற்கு அடுத்த பகுதி. எல்லாத் தட்டுகளும் ஒரே கணத்தில் திறக்க வேண்டும். மூளையிலிருந்து கிளம்பும் கட்டளை, தலைக்குப் பக்கத்திலிருப்பதை முதலிலும் வாலை கடைசியிலும் எட்டினால் அழுத்தம் சிதறிவிடும். அதனால் அருகில் உள்ள தட்டுகளுக்குப் போகும் செய்தி தாமதப்படுத்தப்படுகிறது. மொத்த மின் துடிப்பும் இரண்டு மில்லிவினாடிக்குள் முடிந்துவிடுகிறது.

இதை வைத்து செல்போன் சார்ஜ் செய்யலாமா?

முடியாது. ஒரு துடிப்பின் ஆற்றல் அதிகம் போனால் ஒன்றிரண்டு ஜூல். உங்கள் போன் பேட்டரி ஐம்பதாயிரம் ஜூலைத் தாண்டும்.

வீட்டுக்கு மின்சாரம் எடுக்கலாமா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

அமெரிக்காவில் ஒரு மீன் கிறிஸ்துமஸ் விளக்குகளை எரிய வைத்ததாமே! நீங்கள் முடியாது என்கிறீர்கள்.

டென்னசி நீர்வாழ் காட்சியகத்தில் நடந்தது. மீனின் துடிப்பை ஒரு சென்சார் உணர்ந்து விளக்குக்குச் சைகை தருகிறது. விளக்கு எரிவது கட்டடத்தின் மின்சாரத்தில். இதே கேள்வி இன்னும் பதினொன்று வந்திருக்கிறது. எல்லோருக்கும் பதில் இதுதான். தயவுசெய்து ஆற்றலை விட்டுவிட்டு அந்த மீன் மின்சாரத்தால் என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

சரி, என்ன செய்கிறது?

நன்றி. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கென்னத் கட்டானியா 2014-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். இரை செடிக்குள் ஒளிந்து அசையாமல் இருக்கிறது. மின்விலாங்கு இரண்டே இரண்டு துடிப்புகளை அனுப்புகிறது. இரையின் இயக்க நரம்புகள் தூண்டப்பட்டு, அதன் உடல் தன்னையறியாமல் ஒருமுறை துள்ளுகிறது. அந்த நீரசைவை உணர்ந்து, அடுத்த கணம் வினாடிக்கு நானூறு துடிப்பு என்ற வேகத்தில் முழு அடி விழுகிறது. தசைகள் இறுகி இரை மரக்கட்டையாகிவிடும். கியூராரே நஞ்சால் நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பைத் துண்டித்த மீன் துள்ளவில்லை. ஆக, அடி விழுவது நேராகத் தசையில் அல்ல, நரம்பின் வழியாக. இன்னோர் உயிரின் நரம்பைத் தொலைவிலிருந்து இயக்கும் மீன் இது. வோல்ட் எண்ணைத் தாண்டிப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அதற்கே ஏன் ஷாக் அடிப்பதில்லை?

பெரிய உடல், குறுகிய துடிப்பு. இதயம், குடல் எல்லாம் தலைக்கருகே ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. எல்லா ஆய்வாளர்களும் ஏற்ற முழு விளக்கம் இன்னும் வரவில்லை.

ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட், குதிரைகளை விட்டு மின்விலாங்கு பிடித்த கதை வெறும் புளுகுதானே?

அவசரப்படாதீர்கள். 1800 மார்ச்சில், வெனிசுவேலாவின் கலபோசோ அருகே, சுமார் முப்பது குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் குட்டைக்குள் விரட்டினார்கள். மீன்கள் மேலெழுந்து குதிரைகளின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு அடித்தன. முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு குதிரைகள் மூழ்கின. அவர் எழுதியது இதுதான்.

(அதே வாசகர்) இருநூறு ஆண்டுகளாக வேறு யாரும் பார்க்கவில்லையே? மீன் தப்பி ஓடும், தாக்க வராது.

கட்டானியாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். உலோக விளிம்புள்ள வலையால் மீன்களை இடம் மாற்றும்போது அவை தண்ணீரை விட்டு எழும்பி வலைமீது பாய்ந்தன. 2016-ல் அதை அளந்து வெளியிட்டார். தாடையை எதிரியின் உடலில் வைத்துக்கொண்டு மீன் மேலே ஏற ஏற, தண்ணீரில் வீணாகும் மின்சாரம் குறைந்து எதிரிக்குள் பாய்வது கூடுகிறது.

(திருச்சியிலிருந்து இன்னொருவர்) அம்மா, பாயும் என்றுதானே நிரூபணம்? குதிரை செத்தது நிரூபணமாகவில்லையே.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆய்வு காட்டியது அந்தப் பழக்கத்தை. கலபோசோ குட்டையை யாரும் திரும்பப் பார்க்க முடியாது. ஆனால் ஹம்போல்ட், குதிரைகள் மின்சாரத்தால் நேராகச் செத்தன என்று எழுதவில்லை. உணர்விழந்து மூழ்கின என்றே எழுதினார். கோடையில் வற்றிய குட்டை, தப்ப வழியில்லாத மீன்கள் என்ற சூழலும் பொருந்துகிறது. நான் அவரை நம்புகிறேன்.

(முதல் வாசகர்) நான் நம்பவில்லை.

சரி. கட்டானியாவின் அளவீடுகளையாவது படித்துவிட்டு வாருங்கள், மறுபடி பேசுவோம்.

இன்வெர்ட்டர் கம்பியால் குளத்தில் மீன் பிடிக்கிறோம். அதுவும் இதே முறைதானே?

இல்லவே இல்லை. செய்யாதீர்கள். மின்விலாங்கின் துடிப்பு இரண்டு மில்லிவினாடியில் நிற்கும். உங்கள் கம்பி நிற்காது. குஞ்சும் முட்டையும் சேர்ந்து சாகும். அப்படி இறங்கி உயிர்விட்டவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

வேண்டாம். இரண்டு மீட்டருக்கு மேல் வளரும். மூச்சுக்கு அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கும் மீன் அது.

கூட்டமாக வேட்டையாடுமா?

தனியாகத்தான் என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 2021-ல் அதைத் திருத்திக்கொண்டேன். பிரேசிலில் இரிரி ஆற்றின் கரையிலுள்ள ஓர் ஏரியில், நூற்றுக்கும் மேற்பட்ட வோல்டை மீன்கள் விடியலிலும் அந்தியிலும் ஒன்றுகூடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வட்டமாகச் சுற்றிச் சிறு டெட்ரா மீன்களை ஆழமற்ற இடத்துக்கு ஒதுக்குகின்றன. பிறகு பத்து மீன்கள் வரை சேர்ந்து ஒரே நேரத்தில் அடிக்கின்றன. டெட்ராக்கள் தண்ணீருக்கு மேலே தெறித்து, செயலற்று விழுகின்றன. ஒரு மணி நேர வேட்டையில் இப்படி ஐந்து முதல் ஏழு அடிகள்.