பெட்ஷீட் யார் துவைப்பாங்க?

அன்புள்ள ஆலோசகருக்கு,

தாராபுரம் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. ஒரே பையன், பதினோரு வயசு. பட்டாள ஆபீசர் ஆகத் தயார்ப்படுத்தும் விடுதிப் பள்ளியான அமராவதிநகர் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. நாலாம் வகுப்பிலிருந்தே கோச்சிங் அனுப்பினோம். நுழைவுத் தேர்வில் 125 கேள்வி, 300 மார்க்; அதில் பாதி மார்க் கணக்குக்கே என்பதால் ஞாயிற்றுக்கிழமைகூட விளையாட விட்டதில்லை. லிஸ்ட்டில் பேர் வந்த அன்றைக்கு வீட்டுக்காரர் தெருவுக்கே லட்டு கொடுத்தார். அவர் பட்டாளத்தில் 17 வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர்.

அந்த வாரத்திலிருந்து பையன் படுக்கையை நனைக்கிறான். அஞ்சு வயசிலேயே நின்றுபோன பழக்கம். இப்போது வாரத்துக்கு ரெண்டு மூணு நாள். விடிவதற்குள் விரிப்பை அலசி மாட்டுக் கொட்டகைப் பக்கம் காயப் போட்டுவிடுகிறேன். அவருக்குத் தெரியாது. தெரிந்தால், "இவனா ஆபீசர் ஆகப் போறான்?" என்பார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பையனுக்குத் தண்ணியே தருவதில்லை. ஒருநாள் கோபத்தில் அடித்தும்விட்டேன்.

"போக இஷ்டமில்லையா கண்ணு?" என்றால், "போறேம்மா" என்கிறான். டிரங்குப் பெட்டியில் பேர் எழுதும்போது மட்டும், "அங்க பெட்ஷீட் யார் துவைப்பாங்க?" என்று கேட்டான். "நீதான் துவைக்கணும், இங்க மாதிரி சோம்பேறியா இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டேன்.

சேர்க்க இன்னும் ஒரு மாதம்தான். அனுப்பலாமா, வேண்டாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள். வருஷக்கணக்கில் நனைக்காமல் இருந்த பிள்ளை திரும்ப நனைத்தால், மனசுதான் காரணம் என்று என்னைப் போன்றவர்கள்கூட உடனே முடிவு கட்டக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சிலருக்குச் சர்க்கரை நோய்கூட இப்படித் தலைகாட்டும். ஓயாமல் தாகம், உடம்பு இளைப்பு இருந்தால் இன்றைக்கே கூட்டிப் போங்கள். இல்லையென்றாலும் இந்த வாரத்துக்குள் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிச் சிறுநீரையும் ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். பள்ளிச் சேர்க்கைக்கான மருத்துவப் பரிசோதனையில் தேறியது இந்தத் தொந்தரவு ஆரம்பிப்பதற்கு முன்பு நடந்தது.

தண்ணீரை அப்படி நிறுத்தாதீர்கள். பகலில் நன்றாகக் குடிக்கட்டும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். விடுதி போன்ற இடங்களுக்குப் போகும் பிள்ளைகளுக்கென்று, இரவில் சிறுநீர் ஊறுவதைக் குறைக்கும் டெஸ்மோபிரஸ்ஸின் என்ற மாத்திரை இருக்கிறது. தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். அதைப் போட்ட இரவில் தண்ணீர் அதிகம் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகிவிடும், அதனால் நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிவிடாதீர்கள்.

பரிசோதனையில் ஒன்றும் இல்லையென்றால், பயம்தான் காரணமாக இருக்கலாம். பயம் இருப்பதாலேயே போக இஷ்டமில்லை என்று அர்த்தமாகாது. போகவும் ஆசை, நினைத்தால் வயிற்றைக் கலக்கவும் செய்கிறது. இரண்டும் ஒரே பிள்ளைக்குள் இருக்கும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த பெட்ஷீட் கேள்விதான். நீங்கள் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டீர்கள். நாற்பது பையன்கள் படுத்திருக்கும் கூடத்தில் காலையில் விரிப்பு ஈரமாக இருந்தால் என்ன ஆகும் என்றுதான் அவன் கேட்டிருக்கிறான் என்று எனக்குப் படுகிறது. தூக்கத்தில் நடப்பது அவன் கையில் இல்லை. அடித்ததற்கு "அம்மா பண்ணது தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவ்வளவு போதும், அதற்கு மேல் அழ வேண்டாம்.

வீட்டுக்காரரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். விடியுமுன் நீங்கள் ஒளித்துக் காயப் போடும் ஒவ்வொரு விரிப்பும், இது வெளியில் சொல்லக் கூடாத அசிங்கம் என்று பையனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நேரடியாக ஆரம்பிக்கத் தயங்கினால், ரெக்ரூட்டாகப் போன முதல் வாரம் பாரக்கில் எப்படித் தூங்கினீர்கள் என்று கேளுங்கள். பதினேழு வருஷ சர்வீஸில், போர்வைக்குள் அழுத பையன்களை அவர் பார்த்திருப்பார். ஒருவேளை அவரே அழுதிருப்பார். அந்தக் கதை மகன் காதில் அப்பா வாயால் விழ வேண்டும். லட்டு கொடுத்த மனுஷர் இதையும் செய்வார்.

மேட்ரனிடமும் ஹவுஸ் மாஸ்டரிடமும் சேர்க்கும் முன்பே தனியாகப் பேசுங்கள். பத்து வயதில் ஏறக்குறைய இருபது பிள்ளைகளில் ஒருவருக்கு இந்தத் தொந்தரவு இருக்கிறது; விடுதி நடத்துகிறவர்களுக்கு இது புதிதில்லை. இரண்டு விரிப்பு, ஒரு ரப்பர் ஷீட் கூடுதலாகப் பெட்டியில் போகட்டும்.

"பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு, வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். தாய் மனசு அப்படித்தான் சொல்லத் துடிக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே அவன் அந்த போனுக்காகக் காத்திருப்பான். முதல் விடுமுறை வரை இருந்து பார், அப்போது மூணு பேரும் உட்கார்ந்து பேசலாம், நீ சொல்வதைக் கேட்போம் என்று சொல்லுங்கள். சொன்னபடி கேளுங்கள். நடுவில் சாப்பிடாமல், தூங்காமல் தவிக்கிறான் என்று தகவல் வந்தால் விடுமுறைக்காகக் காத்திருக்காமல் போய்ப் பாருங்கள்.

அவன் கேள்விக்குச் சரியான பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. அமராவதிநகருக்கு நாளைக்கே போன் போட்டு, ஆறாம் வகுப்புப் பையன்களின் பெட்ஷீட்டை யார் துவைக்கிறார்கள், எந்தக் கிழமை மாற்றுகிறார்கள், நடுவில் ஈரமானால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவன் பக்கத்தில் இருக்கும்போதே விசாரியுங்கள்.