பதில்: 1880 ஸ்டைல் கார்செட், இடுப்புல சுருக்கம், கேபிள் டை மடங்குது

கார்செட்டுக்கு (இடுப்ப இறுக்கிக் கட்டுற உள்ளாடை) உள்ள கம்பிக்குப் பதிலா கேபிள் டை (வயர் கட்டுற பிளாஸ்டிக் பட்டை) வச்சுத் தச்சா அது மடங்குது, இடுப்புல சுருக்கம் விழுதுன்னு கேட்டிருக்கீங்க. கேபிள் டை மேல மட்டும் பழி போடாதீங்க, துணியே ஸ்ட்ரெட்ச் காட்டன்னு சொல்றீங்களே, அங்கதான் சிக்கல், பின்னாடி கட்டுற லேஸ (கயிற) இழுக்க இழுக்க துணி நீளும், சுருக்கம் விழத்தான் செய்யும். அந்தக் காலத்துல இதுக்குன்னே கூட்டில்னு நெருக்கமா நெய்த காட்டன் இருந்துச்சு, கிடைக்கலன்னா கெட்டி ட்ரில் துணி ரெண்டு லேயர் போடுங்க, நீளாத திசை இடுப்பச் சுத்தி வரணும். ரெண்டு லேயருக்கும் நடுவுல இடுப்புக் கோட்டுல 1 இன்ச் காட்டன் டேப், இத விட்றாதீங்க, இடுப்புல வர்ற இழுவைய அதுதான் தாங்கும்.

நீங்க கேபிள் டை போட்ட இடத்துல அப்போ திமிங்கலத்தோட வாய்த் தகடு, தட்டை ஸ்டீல்னு போட்டாங்க. ஸ்பைரல் ஸ்டீல் (சுருள் கம்பி) 1900க்கு அப்புறம் வந்ததுதான், ஆனா வளைவான சைடுக்கு அதப் போட்டா உள்ள யாரு பாக்கப் போறா? பின்னாடி ஐலெட்டுக்கு (லேஸ் கோக்குற ஓட்டை) ரெண்டு பக்கமும் மட்டும் தட்டைக் கம்பி கண்டிப்பா வேணும், இல்லன்னா அந்த இடம் வில்லா வளையும்.