ரூட் 66 பயணம்: மணியையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

கேள்வி: சிகாகோவுக்குப் பக்கத்தில் நேப்பர்வில்லில் இருக்கிறோம். சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா வரை ஓடும் பழைய நெடுஞ்சாலையான ரூட் 66-க்கு 2026-இல் நூறு வயது. பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதால் ஜூலையில் சான்டா மோனிகா வரை காரில் போய்வர நினைக்கிறோம். எங்கள் லாப்ரடார் நாய் மணிக்கு ஆறு வயது, ஆள் கொஞ்சம் குண்டு. வளைவுச் சாலைகளில் வாந்தி எடுப்பான். தயிர்சாதம் என்றால் உயிர். நாய்க் காப்பகத்தில் (போர்டிங்) விட மனசு வரவில்லை. கூட்டிக்கொண்டு போகலாமா டாக்டர்?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் ஜூலை, சான்டா மோனிகா, குண்டு லாப்ரடார் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேரக் கூடாது. விடுமுறையை மாற்ற முடியாது என்றால் அரிசோனாவில் வில்லியம்ஸ் வரை போய்விட்டுத் திரும்புங்கள். முழுச் சாலையும் வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள்.

காரணம் உயரம். ஃபிளாக்ஸ்டாஃப், வில்லியம்ஸ் இரண்டும் ஏறக்குறைய 6,900, 6,800 அடி உயரத்தில் பைன் காட்டுக்குள் இருக்கின்றன. ஜூலையிலும் அங்கே மாலை நடைக்குப் போகலாம். அங்கிருந்து மேற்கே இறங்கினால் சுமார் 200 மைலில் கலிஃபோர்னியாவின் நீடில்ஸ் ஊர் வந்துவிடும். அதன் உயரம் 500 அடிதான். கோடையில் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது அங்கே அன்றாடச் செய்தி. அதற்கு அப்பால் பார்ஸ்டோ வரை மோஹாவி பாலைவனம். பழைய சாலையில் வெள்ளம் அரித்த பாலங்களால் சில பகுதிகள் மூடிக் கிடப்பதும் உண்டு. நடுவழியில் கார் நின்று ஏ.சி. போய்விட்டால் நீங்கள் சமாளித்துவிடுவீர்கள், மணியால் முடியாது. நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், கொழுப்பு கூடிய உடம்பில் அதுவும் சரியாக நடக்காது.

பலர் 2,448 மைல் ஓட்டுவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஓடுகிற காரில், ஏ.சி.யில், நாய் பாட்டுக்குத் தூங்கும். சிக்கல் நிறுத்தும்போதுதான். இந்தச் சாலையின் சுவையே பத்து மைலுக்கு ஒருமுறை இறங்குவதில் இருக்கிறது: பழைய டைனர், மியூசியம், நியான் விளக்குப் பலகை, பரிசுப்பொருள் கடை. இவற்றில் பாதிக்கு மேல் நாயை உள்ளே விடமாட்டார்கள். "அஞ்சு நிமிஷம்தானே, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும்" என்று தோன்றும். வெளியே 80 டிகிரி இருந்தால் பத்தே நிமிடத்தில் காருக்குள் 99, அரை மணியில் 114. ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைப்பதால் பெரிய மாற்றம் எதுவும் வராது. இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுவைப்பதையும் நான் நம்பமாட்டேன். தானாக அணைந்துபோகும் கார்கள் இருக்கின்றன, பொத்தானை மிதித்துவிடும் நாய்களும் இருக்கின்றன.

ஆகவே கிளம்பும் முன்பே ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பெரியவர்களில் ஒருவர் உள்ளே போனால் மற்றவர் மணியோடு நிழலில். சாப்பாட்டைக் கட்டி வாங்கிப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பார்க்க நினைத்த இடங்களில் பாதியை வெட்டிவிட்டு, நாய் இறங்கக்கூடிய இடங்களில் நேரத்தைச் செலவிடுங்கள். அப்படிப்பட்ட இடங்களுக்குக் குறைவில்லை. செயின்ட் லூயிஸ் அருகே மிசிசிப்பி ஆற்றின் மேல் நிற்கும் பழைய செயின் ஆஃப் ராக்ஸ் பாலத்தில் இப்போது கார்கள் கிடையாது, நடக்கலாம். அரிசோனாவின் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா என் முதல் சிபாரிசு. தேசியப் பூங்காக்களில் பலவும் நாயைப் பாதைகளில் அனுமதிப்பதில்லை. இங்கே ஆறடிக்கு மேற்படாத கயிற்றில் பிடித்துக்கொண்டு நடைபாதைகளில் போகலாம். பழைய 66 ஓடிய தடத்தில் துருப்பிடித்து நிற்கும் 1932 ஸ்டூடிபேக்கர் காருக்குப் பக்கத்தில் மணியை நிறுத்திப் படம் எடுக்கலாம். வில்லியம்ஸிலிருந்து 60 மைலில் கிராண்ட் கேன்யன். அங்கே தெற்கு விளிம்புப் பாதையில் நாய்க்கு அனுமதி உண்டு, பள்ளத்துக்குள் இறங்கும் பாதைகளில் இல்லை.

அமரில்லோவில் மூக்கு மண்ணில் புதைந்து நிற்கும் பத்து காடிலாக் கார்களை எல்லோருக்கும் பிடிக்கும். வருகிறவர்கள் எல்லாம் ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பதால் தரையில் காலி டின்கள், மூடிகள், காயாத பெயின்ட். கால் விரல் இடுக்கில் ஒட்டினால் நாய் முதல் வேலையாக அதை நக்கும். தள்ளி நின்றே பாருங்கள், கிளம்பும்போது பாதங்களைக் கழுவிவிடுங்கள்.

பாதம் என்றதும் இன்னொன்று. நியூ மெக்ஸிகோவில் காலி மனைகளிலும் மோட்டல் பின்புறங்களிலும் 'கோட்ஹெட்' என்ற முள் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். வேறொன்றுமில்லை, நம்மூர் நெருஞ்சிதான். மணி திடீரென மூன்று காலில் நின்றால் அதட்டாமல் பாதத்தைத் தூக்கிப் பாருங்கள். ஒரு இடுக்கி டேஷ்போர்டிலேயே இருக்கட்டும். தார்ச்சாலையில் இறக்குவதற்கு முன் உங்கள் புறங்கையை ஏழு விநாடி தரையில் வைத்துப் பாருங்கள். பொறுக்க முடியவில்லை என்றால் நடை வேண்டாம்.

நாக்கு அகலமாகத் தொங்கி, எச்சில் கெட்டியாகி, ஈறு செங்கல் நிறத்துக்கு வந்து, நடை தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவமனை. உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி, ஏ.சி. காற்று படும்படி வைத்து ஓட்டுங்கள். ஈரத்துண்டைப் போர்த்திவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் புகட்டவும் கூடாது. மேற்கே போகப் போக ஊர்களுக்கு இடையே தூரம் கூடும். அல்புகர்க்கிக்கும் ஃபிளாக்ஸ்டாஃபுக்கும் நடுவில் 300 மைலுக்கு மேல். எந்த ஊரில் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துக் குறித்துவையுங்கள். பாலைவனத்தில் சிக்னல் கிடைக்காது.

மிசூரியில் உண்ணித் தொல்லை அதிகம், கொசுவால் இதயப்புழுவும் வரும். மாதாந்திரத் தடுப்பு மாத்திரை தவறக் கூடாது. இரவில் காதுமடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

வாந்திக்கு உங்கள் கால்நடை மருத்துவரிடம் மாரோபிடன்ட் என்ற வாந்தித் தடுப்பு மாத்திரை கேளுங்கள். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது ஒரு வாய் உணவோடு கொடுக்க வேண்டும். பயண வாந்திக்கான அளவு சாதாரண வாந்திக்கானதைவிடக் கூடுதல், அதனால் வீட்டில் மிச்சமிருப்பதை வைத்து நீங்களே கணக்குப் போடாதீர்கள். காலைச் சாப்பாட்டைக் குறைத்து, இரவில் மோட்டலில் வயிறாரக் கொடுங்கள். தயிர்சாதம் வீட்டோடு நிற்கட்டும், கார் சூட்டில் அது புளித்துவிடும். கடையில் வாங்கும் உலர் உணவுக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். பிள்ளைகள் கையில் திராட்சையும் சர்க்கரை இல்லாத சூயிங்கமும் இருந்தால் மணிக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டுமே அவனுக்கு விஷம். பின் சீட்டில் விபத்துச் சோதனையில் தேறிய ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் வார்ப்பட்டை) போட்டுக் கட்டுங்கள். முன் சீட் ஏர்பேக் நாய்க்கு ஆபத்து.

செப்டம்பருக்குத் தள்ளிவைத்தால் அரிசோனாவில் கிங்மனைத் தாண்டி ஓட்மன் என்ற ஊர் வரும். சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வாரிசுகள் அங்கே தெருவில் திரிகின்றன. மனிதர்களிடம் சாதுவாக வந்து தீனி கேட்கும், நாயைக் கண்டால் காதை மடக்கிக்கொண்டு உதைக்க வரும். மணியைக் காரைவிட்டு இறக்கவே வேண்டாம். அதற்கு முன் வரும் சிட்கிரீவ்ஸ் கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளுக்கு மாத்திரை கட்டாயம். கலிஃபோர்னியாவுக்குள் நுழைய ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். கடைசியில் சான்டா மோனிகா கடற்கரை மணலில் நாய்களுக்கு அனுமதி இல்லை. அவனைக் கடலில் இறக்க ஆசை என்றால் தெற்கே ஹண்டிங்டன் பீச்சில் நாய்களுக்கென்றே ஒரு கடற்கரை இருக்கிறது, அங்கே போங்கள்.