சூளையில் வளைத்த கண்ணாடியில் பால் படலம்: திருப்பி வைத்துப் பாருங்கள்

ஜன்னல் கண்ணாடியின் வெள்ளீயப் பக்கம் (தயாரிக்கும்போது உருகிய வெள்ளீயத்தைத் தொட்டிருந்த பக்கம்) அச்சைத் தொடும்படி கீழே இருக்கட்டும். கிண்ண அச்சுக்குள் வளைக்கிறீர்கள், ஒரே ஷீட்டில் வெட்டியும் சில துண்டுகளில் மட்டும் துடைத்தாலும் போகாத படலம் என்றால், அவை தலைகீழாக வைத்தவையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஜன்னல் கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத்தான் செய்கிறார்கள் (பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவார்களே, அதே ஈயம்). 1959இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த முறை. அமெரிக்கக் காப்புரிமை எண் 2911759. மெருகு போடாமலே வழவழப்பு வந்தது பெரிய சாதனைதான். ஆனால் மிதந்த பக்கத்தில் கொஞ்சம் வெள்ளீயம் ஊறிவிடுகிறது. மறுபடி சுட்டால் அது ஆக்ஸிஜனை எடுத்துப் பருக்கும். அந்தப் பக்கம் வளைவின் உள்ளே அமுங்கினால் மேல்தோலில் நுண்ணிய சுருக்கம் விழும். நீங்கள் பார்ப்பது அந்தச் சுருக்கத்தை, அழுக்கு இல்லை.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க:

1. 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கு வாங்குங்கள். ரூபாய் நோட்டு பார்க்கும் விளக்கு பெரும்பாலும் 365, அதில் தெரியாது.
2. இருட்டறையில் சாய்வாக அடியுங்கள். வெள்ளீயப் பக்கம் பால் போல மங்கலாக ஒளிரும். கண்ணுக்குக் கவசமும் கைக்குக் கையுறையும் கட்டாயம். இந்த ஒளி கண்ணைச் சுட்டுவிடும்.
3. வெட்டும் முன்பே முழு ஷீட்டில் குறி போடுங்கள்.

குவிந்த அச்சின் மேல் வளைத்தால் கணக்கு தலைகீழ்: வெள்ளீயம் மேலே. அப்புறம், படலம் சொரசொரப்பாக, மறுபக்கத்திலும் இருந்தால் இது காரணமில்லை. அது பெரும்பாலும் அதிகச் சூட்டில் நெடுநேரம் வைத்ததால் வரும் படிகம்.