வாசகர் கேள்வி – பதில்: தக்கையிட்ட வாசலும் இரும்பும்

கேள்வி: பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இரும்பை ஏற்கும் புரதங்கள் குழாய் வடிவில் இருந்தாலும் அவற்றின் நடுப்பகுதி அடைபட்டிருப்பதாகப் படித்தேன். அடைப்பு எதற்கு? அதைத் தாண்டி இரும்பு எப்படி உள்ளே போகிறது?

பதில்: உட்சவ்வு, வெளிச்சவ்வு என இரண்டு சவ்வுகள் கொண்ட கிராம் நெகடிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் வெறும் துளைகளும் உண்டு. போரின் எனப்படும் அப்புரதங்களின் வழியே ஏறத்தாழ 600 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையுள்ள சிறு மூலக்கூறுகள் தாமாகவே கசிந்து உள்ளே சென்றுவிடும். இரும்புக்கு இந்த வழி போதாது. காற்றோட்டமுள்ள நடுநிலை நீரில் ஃபெரிக் இரும்பு துருவாகப் படிந்துவிடுவதால், பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சிடெரோஃபோர் என்னும் மூலக்கூறுகளை வெளியே அனுப்பி அதைக் கவ்விப் பிடிக்கின்றன. பூஞ்சைகள் தயாரிக்கும் ஃபெரிகுரோம், இரும்புடன் சேர்ந்தால் சுமார் 740 டால்டன் இருக்கும். குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா அதைத் தயாரிப்பதில்லை. ஆனால் அதற்கென்றே ஃபூஏ என்னும் ஏற்பியை வைத்துக்கொண்டு, பூஞ்சையின் உழைப்பைக் கூச்சமின்றி அனுபவிக்கிறது.

ஃபூஏவின் படிக அமைப்பை 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. அதன் 714 அமினோ அமிலங்களில் முதல் 160 போக மீதமுள்ளவை, 22 பீட்டா இழைகளாக (நீட்டிய புரதப் பட்டைகளாக) சாய்வாக அடுக்கப்பட்டு, சவ்வை ஊடுருவி நிற்கும் பீப்பாயாக அமைகின்றன. முதல் 160 அந்தப் பீப்பாய்க்குள்ளேயே மடிந்து தக்கையாக உட்கார்ந்திருக்கின்றன. தக்கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள்: அதை நீக்கிய ஏற்பியைக் கொண்ட பாக்டீரியாக்கள், வழக்கமாக நுழைய முடியாத பெரிய ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கும் இரையாகின. அடைப்பு எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான விடை இல்லை.

அடுத்ததுதான் சுவையான பகுதி. ஃபெரிகுரோம் வெளிப்புறக் குழியில் வந்து அமரும்போது, தக்கை அங்கே மிகச் சிறிதளவே அசைகிறது. வழி எதுவும் திறப்பதில்லை. ஆனால் தக்கையின் மறுகோடியில், உட்புறம் நோக்கியிருக்கும் ஒரு சிறு சுருள் அவிழ்ந்துவிடுகிறது. வந்தவர் வந்துவிட்டார் என்று உள்ளே தெரிவிக்கும் அறிவிப்பாக அதைக் கொள்ளலாம். அறிவிப்பு தேவைப்படுவதற்குக் காரணம், வெளிச்சவ்வில் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியோ, பயன்படுத்தத்தக்க புரோட்டான் சரிவோ (சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையிலான புரோட்டான் செறிவு வேறுபாடோ) இல்லை என்பதே. ஆற்றல் உட்சவ்விலிருந்துதான் வர வேண்டும். அங்கே எக்ஸ்பிபி, எக்ஸ்பிடி ஆகிய புரதங்கள் புரோட்டான் பாய்ச்சலிலிருந்து பெறும் ஆற்றலை, இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட வெளியைக் கடந்து நீளும் டான்பி என்னும் புரதம் ஏற்பிக்குக் கொண்டுசேர்க்கிறது. டான்பியின் நுனி, ஏற்பியின் தொடக்கத்திலுள்ள ஒரு குறும்பகுதியை இழையோடு இழையாகப் பற்றிக்கொள்வதை 2006இல் வெளியான படிக அமைப்புகள் காட்டின.

பற்றிய பின் இழுப்பதால் தக்கை முழுவதும் வெளியே வருகிறதா, ஒரு பகுதி மட்டும் பிரிந்து வழிவிடுகிறதா என்பது நெடுநாள் விவாதம். இரண்டாவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மடிந்த 160 அமினோ அமிலங்களையும் ஒவ்வொரு முறையும் முழுதாக வெளியே இழுத்துத் திரும்பச் செருகுவது வீண் செலவு.

கேள்வி: இந்த ஏற்பிகளால் மருத்துவத்துக்குப் பயன் உண்டா?

பதில்: உண்டு. இந்த வாசலைப் பிறர் பயன்படுத்துவது புதிதல்ல. டி1, டி5 ஆகிய பாக்டீரியா உண்ணி வைரஸ்கள் ஃபூஏவைப் பற்றித்தான் தாக்குகின்றன. டான்பியின் பெயரிலுள்ள ‘டான்’ என்பதே டி1ஐ (டி-ஒன்) எதிர்த்து நின்ற மரபணுப் பிறழ்வுகளிலிருந்து பிறந்ததுதான். அதே உத்தியில், இரும்பைக் கவ்வும் பகுதியொன்றைச் செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக்குடன் இணைத்து உருவாக்கிய செஃபிடெரோகால் என்னும் மருந்துக்கு 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இரும்பென்று நம்பி பாக்டீரியாவே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒரே சிடெரோஃபோரைப் பல ஏற்பிகள் ஏற்பதும் உண்டு என்பதால், மருந்து நுழையும் ஏற்பியைப் பிறழ்வால் இழந்த பாக்டீரியாவும் வேறு ஏற்பிகள் வழியே இரும்பைப் பெற்றுப் பிழைத்துக்கொள்ள முடியும். அத்தகைய எதிர்ப்புத்திறன் ஏற்கெனவே காணப்பட்டிருக்கிறது.