வாசகர் கேள்வி – பதில்: நமத்த முறுக்கும் கறை படிந்த பெட்டியும்

கேள்வி: அம்மா, வணக்கம். சென்ற தீபாவளிக்குக் கடையில் வாங்காமல் நானே முறுக்கும் அதிரசமும் சுட்டு, அட்டைப் பெட்டியில் வைத்து, வண்ணக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி இருபது வீடுகளுக்குக் கொடுத்தேன். பெட்டியைப் பார்த்து எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் இரண்டே நாளில் முறுக்கு நமத்துவிட்டதாகவும், அதிரச எண்ணெய் கசிந்து மேசை விரிப்பு கறையாகிவிட்டதாகவும் என் நாத்தனார் சொன்னபோது மிகவும் சங்கடமாகிவிட்டது. இந்த ஆண்டும் வீட்டில் செய்ததையே கொடுக்க ஆசை. எப்படிக் கட்டிக் கொடுப்பது?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: சகோதரி, உங்கள் கைப்பக்குவத்தில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. தீபாவளி வருவதோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். கடலூரிலோ மழையின் ஈரத்தோடு கடற்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். அட்டையும் வண்ணக் காகிதமும் அந்த ஈரத்தைத் தடுக்காது. முறுக்கு அதை இழுத்துக்கொண்டு நமத்துப்போகும். ஆகவே அலங்காரத்தைப் பற்றி யோசிக்கும் முன்பே, காற்றுப் புகாமல் மூடக்கூடிய உள்டப்பா எது என்று முடிவு செய்துவிடுங்கள். இறுக மூடும் சிறிய எவர்சில்வர் டப்பாவைத்தான் நான் முதலில் சொல்வேன். செலவு சற்றுக் கூடும் என்றாலும் அது அந்த வீட்டில் பல ஆண்டுகள் புழங்கும். வாங்கியவர்கள் அதைத் திருப்பித் தந்தாலும் வெறும் பாத்திரமாகத் தராமல் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவது நம் வழக்கம் அல்லவா?

டப்பா நல்லதாக இருந்தும் முறுக்கு கெடுவதற்குக் காரணம், பெரும்பாலும் சூடு ஆறுமுன் மூடிவிடுவதுதான். ஒருமுறை, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்த முறுக்கை அவசரத்தில் அடுக்கி மூடிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் திறந்தேன். மூடியின் உட்புறம் முழுவதும் கடுகளவு நீர்த்துளிகள் கோத்து நின்றன. மேலடுக்கு முறுக்கின் முள்ளெல்லாம் மழுங்கிப்போயிருந்தது. சுட்டதை வெள்ளைத் துணியில் பரப்பி, நடுவில் ஒன்றை ஒடித்துப் பார்த்து, உள்ளேயும் சூடு இல்லை என்று தெரிந்த பிறகே அடுக்குங்கள். ஆறிய பின்னும் திறந்து வைத்திருந்தால் மழை ஈரம் ஏறிவிடும் என்பதால், அதற்கு மேல் காத்திருக்கவும் வேண்டாம்.

அதிரசத்தின் குணம் வேறு. எண்ணெயிலிருந்து எடுத்தவுடன் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே அழுத்திப் பிழிந்தாலும், எண்ணெய் மேலும் சிறிது நேரம் வடிந்துகொண்டுதான் இருக்கும். சல்லடையில் செங்குத்தாகச் சாய்த்து இரவு முழுவதும் வையுங்கள். மறுநாள் இரண்டிரண்டுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். முறுக்கும் அதிரசமும் ஒரே டப்பாவில் இருக்கவே கூடாது, ஏனெனில் அதிரசத்தின் ஈரம் முறுக்குக்கு ஏறும். எண்ணெயை உறிஞ்சட்டும் என்று செய்தித்தாளை விரிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அச்சு மை உணவில் ஒட்டும்; உணவைப் பொதிய அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிமுறைகளும் சொல்கின்றன.

இவ்வளவும் சரியாக அமைந்தால் அலங்காரம் எளிது. டப்பாவைப் பனையோலைப் பெட்டியில் வைத்து வாழைநாரால் கட்டினாலே பார்க்க நிறைவாக இருக்கும். ஸ்டேப்ளர் பின் மட்டும் வேண்டவே வேண்டாம். அது கழன்று தின்பண்டத்தில் விழுந்தால் குழந்தையின் வாய்க்குப் போய்விடும்.

கேள்வி: பண்ருட்டி முந்திரியை நெய்யில் வறுத்து, மிளகும் உப்பும் சேர்த்து, இங்கே கிடைக்கும் கைக்காகிதப் பைகளில் போட்டு நண்பர்களுக்குக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: நல்ல யோசனை, ஆனால் பை வெளியுறையாக மட்டும் இருக்கட்டும். முந்திரியின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. கைக்காகிதம் அதை உறிஞ்சிக் கறையாவதோடு, காற்றும் பட்டுச் சில நாளில் சிக்கு வாடை வந்துவிடும். நன்கு கழுவி, வெயிலில் ஈரமறக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடி, பிறகு பையில் இடுங்கள். வெளிச்சம் படாமல் இருப்பதும் முந்திரிக்கு நல்லது. வறுத்த தேதியையும், முந்திரி, நெய் என்று சேர்த்த பொருள்களையும் ஒரு சீட்டில் எழுதுங்கள். முந்திரி ஒவ்வாதவர்களுக்கு ஒரு துண்டுகூட ஆபத்தாகலாம். சீட்டைப் பையின் மேல் ஒட்டாமல் பாட்டிலின் மேலேயே ஒட்டுங்கள். பையைக் கழற்றிப் போட்ட பிறகும் அது கண்ணில் பட வேண்டும்.