கேளுங்கள், சொல்கிறேன்: வான் வாய்க்கால் ஓரத்தில் நடைபாதை

கேள்வி: ஐயா, எங்கள் குளம் நிரம்பி மிஞ்சும் தண்ணீர் வழிந்தோடும் வான் வாய்க்காலின் இரு கரையிலும் நடைபாதை, மரங்கள், பிள்ளைகள் விளையாட இடம் எல்லாம் அமைக்கலாம் என்று சனசமூக நிலையத்தில் பேசுகிறார்கள். 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்ட எங்களுக்குப் பயமாக இருக்கிறது. வெள்ளம் போகிற இடத்தில் பூங்கா சரிவருமா?
(ஓர் ஆசிரியை, கிளிநொச்சி)

பதில்: சரிவரும் பிள்ளை. ஆனால் மழைக்காலத்தில் சில நாள் அந்தப் பூங்கா தண்ணீருக்குள் நிற்கும். அதற்கு ஊர் முதலில் சம்மதிக்க வேண்டும். நனையாத பூங்காதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கிரவலைக் கொட்டி நிலத்தை உயர்த்துவார்கள். அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர் அடுத்த வளவுக்குப் போகும்.

சிங்கப்பூரில் பீஷான் என்ற இடத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பூங்கா ஓரமாக 2.7 கிலோமீற்றர் நீளத்துக்கு நேர்கோடாகக் கொங்கிறீற் வாய்க்கால் ஒன்று ஓடியது. அதை உடைத்து, வளைந்து நெளிந்து போகும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். உடைத்த கொங்கிறீற்றையும் வீணாக்காமல் அங்கேயே ஒரு மேடாக்கிவிட்டார்கள். மழையில்லாத நாளில் சனம் தண்ணீர் ஓரம் வரை போய் இருக்கும். மழை கொட்டினால் 20 மீற்றர் அளவில் கிடக்கும் ஆறு 100 மீற்றர் வரை அகலும். நீர்மட்டம் ஏறும்போது எச்சரிக்கை விளக்கும் சங்கும் உண்டு. பிறகு நீர்நாய்களும் அங்கே குடும்பமாக வந்து சேர்ந்தன.

அதை அப்படியே இங்கே இறக்க முடியாது. அங்கே வருடம் முழுக்க மழை. எங்களுக்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரை ஊற்றிவிட்டு ஆடியில் நிலம் வெடிக்கும். ஆகவே வாய்க்காலின் நடுவில் ஆழமான சின்ன ஓடை, அதற்கு மேலே இரு பக்கமும் அகலமான தட்டு, அப்புறம் மெதுவான சரிவு என்று வெட்டச் சொல்லுங்கள். கோடையில் அந்தத் தட்டில் பொடியள் கரப்பந்து ஆடட்டும். கார்த்திகையில் அது தண்ணீருக்கு.

கரையைப் பிடிக்க மருதை நடுங்கள். கனகராயன் ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு கிழட்டு மருதைப் போய்ப் பாருங்கள். மண் அரிபட்டுப் போன இடத்திலும் வேர் முழங்கால் உயரத்துக்கு வெளியே நின்று கரையை இறுக்கிப் பிடித்திருக்கும். தண்ணீர் ஓரத்துக்குக் கோரையும் வெட்டிவேரும் போதும். கன்றுகளுக்கு முதல் இரண்டு வருடம் வேலி வேண்டும். அறுவடை முடிந்ததும் அவிழ்த்துவிடுகிற மாட்டுக்கு உங்கள் திட்டம் தெரியாது!

நடைபாதைக்கு இன்ரலொக் கல் வேண்டாம். வெள்ளம் அடியில் உள்ள மணலை எடுத்துக்கொண்டு போனால் கல் கிளம்பிவிடும். கிரவல் பாதை அரிபட்டால் ஒரு சிரமதானத்தோடு சரியாகும்.

இவ்வளவும் செய்துவிட்டு மதகை மறந்துவிடாதீர்கள். வாய்க்கால் எத்தனை அகலமாக இருந்தாலும், றோட்டுக்குக் கீழே மதகின் வாய் குறுகலென்றால், அதிலும் ஆகாயத்தாமரையும் போத்தலும் அடைத்துக் கிடந்தால், தண்ணீர் றோட்டுக்கு மேலால்தான் போகும். எனக்குத் தெரிந்து, பூங்காவுக்குக் கிடைக்கும் காசில் பாதியை மதகுக்குக் கேட்கத் துணிந்த சங்கம் குறைவு. நீங்கள் கேளுங்கள்.

கேள்வி: குளத்துக்கு உள்பக்கம் கொஞ்சம் நிரப்பிப் பூங்கா போட்டால் நகரம் அழகாகும் அல்லவா? கொழும்பில் குளக்கரைப் பூங்காக்கள் இருக்கின்றனவே?
(ஒரு வியாபாரி, வவுனியா)

பதில்: தம்பி, கொழும்பில் நல்லபடி நடந்தது நிரப்பாமல் விட்டதால். 2010 நவம்பரில் கோட்டேயில் பாராளுமன்ற வளவே வெள்ளத்தில் நின்றது. அதன் பிறகுதான் சதுப்பு நிலம் வெள்ளத்தைத் தாங்கும் பை என்று அதிகாரிகளுக்கு உறைத்தது. பெத்தகான, தியசரு என்ற ஈரநிலப் பூங்காக்களில் சதுப்பைச் சதுப்பாகவே விட்டு, நடக்க மட்டும் பாதை போட்டார்கள். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் வந்தது. குளத்துக்குள் கொட்டுகிற ஒவ்வொரு லோட் மண்ணும் அந்த அளவு தண்ணீரை வெளியே தள்ளும். பூங்காவைக் கட்டுக்கு வெளியே பாருங்கள்.

கேள்வி: குளக்கட்டில் நடக்கிறோம், நிழலே இல்லை. கட்டில் மரம் நடலாமா?
(மாதர் சங்க உறுப்பினர், புதுக்குடியிருப்பு)

பதில்: கட்டில் வேண்டாம் அம்மா. பெரிய மரம் பட்டுப்போனால் வேர் உக்கி, அந்த ஓட்டை வழியே தண்ணீர் கசியத் தொடங்கும். கட்டின் அடியிலிருந்து தள்ளி, வயல் பக்கமாக இலுப்பை, நாவல் நடுங்கள். பின்னேரம் நிழல் கிடைக்க மேற்குப் பக்கம் பார்த்து நட்டால் நல்லது. அதற்கும் முதலில் அனுமதி வேண்டும். 80 ஹெக்டேயர் வரை பாய்ச்சும் சிறு குளமென்றால் கமநலத் திணைக்களம், பெரியதென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். கமக்காரர் அமைப்பையும் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகப் போனால் அலைக்கழிப்பார்கள்.

கேள்வி: முதலை?
(அதே சங்கத்திலிருந்து இன்னொருவர்)

பதில்: இருக்கும். வறட்சியில் ஒரு குளம் வற்றினால் இரவில் நடந்தே அடுத்த குளத்துக்குப் போய்விடும். மீன் வெட்டிய கழிவைக் கரையில் கொட்டாதீர்கள். புல் மண்டிய இடத்தில் படிக்கட்டு வைக்காதீர்கள். பொழுதுபட்ட பிறகு பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம் விடாதீர்கள்.